கற்பனைப் பெயருக்காக உண்மைப் பெயரைப் பிடுங்காதீர்கள்: மாவட்ட மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

நம் பட்டணத்து நுழைவாயிலில் வளைவு எழுப்பி, நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய நாவலில் வரும் கற்பனைத் தோட்டத்தின் பெயரை அதில் பொறிக்கப் போவதாக மன்றம் அறிவித்திருக்கிறது. பாசார் (சந்தை) முன்னால் சிமெண்டில் ஒரு 'மாதிரி லயம்', அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, கட்டப்படும். மூன்று லோரோங்குகளுக்கு (சந்துகளுக்கு) நாவல் மாந்தர்களின் பெயர் சூட்டப்படும். பழைய ரப்பர் தோட்டத்தில் மிஞ்சி நிற்கும் ஆறு கதவு லயம் இடிக்கப்பட்டு, அந்த இடம் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் தளம் ஆகும். ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்திய புகைக்கொட்டாய்க்கு வெள்ளையடித்து உணவகத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். ஆறாங்கட்டைச் (ஆறாவது மைல்) சந்தியில் உள்ள தோட்டப் பெயர்ப் பலகை 'பழுதடைந்த பொருள்' என்ற கணக்கில் அகற்றப்படும்.

எழுத்துக்கு மரியாதை செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்த நாவல் எந்த மண்ணிலிருந்து எழுந்ததோ, அந்த மண்ணின் கடைசி அடையாளங்களை அந்த நாவலின் பெயராலேயே துடைப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. நாங்கள் இந்த ஊரில் புத்தகம் படித்துக் கூடிப் பேசுகிறவர்கள். எங்களில் பால்மரம் வெட்டியவர்கள் இருக்கிறார்கள், கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் திட்டத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

கொலம்பியா நாட்டில் அரகடாகா என்று ஒரு சிற்றூர். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பிறந்த ஊர் அது. 1967ல் வெளிவந்த அவருடைய நாவலால் உலகம் அறிந்த மகோந்தோ என்ற கற்பனை ஊருக்கு அதுதான் மூலம் என்பார்கள். ஆனால் மகோந்தோ என்ற பெயர் அவர் தலையில் உதித்ததன்று. அந்தப் பக்கத்து ரயில் பாதையோரம் இருந்த ஒரு வாழைத் தோட்டத்தின் வாயிலில் எழுதியிருந்த பெயர் அது. சிறு வயதில் ரயிலிலிருந்து பார்த்த அந்தப் பலகை மனத்தில் தங்கிவிட்டதாகவும், அது ஒரு மரத்தின் பெயர் என்பதே வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்ததாகவும் அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு தோட்டத்துப் பலகை! யாரோ ஒரு பெயிண்டர் எழுதி, யாரோ ஒரு நிர்வாகி மாட்டச் சொன்ன பலகை. அதை 'பழுதடைந்த பொருள்' என்று முன்கூட்டியே கழற்றியிருந்தால் மகோந்தோவுக்கு வேறு பெயர்தான் கிடைத்திருக்கும்.

ஆறாங்கட்டைப் பலகையை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். இரும்புத் தகடு, கறுப்புத் தளம், வெள்ளை எழுத்து. மேலே ஆங்கிலத்தில் கம்பெனிப் பெயர், நடுவில் மலாய், அடியில் தமிழ். 'தொழிற்சாலைக்குச் செல்லும் வழி' என்ற வரியில் வரும் 'லை' இன்றைய எழுத்தில் இல்லை. யானைத் தும்பிக்கை போல முன்னால் கொக்கி வளைந்த பழைய எழுத்து அது. தமிழ்நாட்டு அரசு 1978ல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இந்த வடிவம் பாடநூல்களிலிருந்து மெல்ல மறைந்தது. 'வழி' என்பதற்குப் பிறகு ஓர் அம்புக்குறி. அதன் முனை ஒரு முறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. பழைய முனை அடியில் நிழலாகத் தெரிகிறது. தொழிற்சாலைக்குப் போகும் மண்சாலை இடம் மாறியபோது நடந்த திருத்தம் அது. நம் ஊரில் இதைச் சொல்லும் வேறு எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

இப்போது வளைவுக்கு வருகிறோம். கற்பனை ஊரின் பெயரை உண்மை ஊருக்குச் சூட்டுவது உலகில் நடக்காத காரியமில்லை. பிரான்சில் இல்லியே என்ற சிற்றூர், மார்செல் புரூஸ்ட் பிறந்து நூறாண்டு நிறைந்த 1971ல், அவர் நாவலில் வரும் கொம்ப்ரே என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு இல்லியே-கொம்ப்ரே ஆயிற்று. ஆனால் பழைய பெயரை அவர்கள் கைவிடவில்லை. அது முன்னால் நிற்க, கற்பனைப் பெயர் பின்னால் சேர்ந்தது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புரூஸ்ட் தம் நாவலின் பிற்பகுதியில் கொம்ப்ரேயை முதல் உலகப் போரின் களத்துக்கே நகர்த்திவிட்டார். நாவலாசிரியர் ஊரைத் தூக்கிக்கொண்டு போனார், பெயர்ப் பலகையோ இருந்த இடத்திலேயே நிற்கிறது.

அரகடாகாவில் 2006ல், ஊர்ப் பெயருடன் மகோந்தோவைச் சேர்க்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சரி என்றார்கள். ஆனால் சட்டம் கேட்ட அளவுக்கு ஆட்கள் வாக்களிக்க வராததால் அது நிறைவேறவில்லை. ஊர் இன்னமும் அரகடாகாதான். எப்படியானாலும் அங்கே மக்களைக் கேட்டார்கள். நம் ஊரில் ஒரு கூட்டம்கூடக் கூட்டவில்லை.

எங்கள் பார்வையில் சரியாகச் செய்தவர்கள் இங்கிலாந்தின் டார்செஸ்டர் ஊரார். தாமஸ் ஹார்டி தம் நாவலில் காஸ்டர்பிரிட்ஜ் என்று எழுதியது அந்த ஊரைத்தான். ஊர்ப் பெயரில் அவர்கள் கை வைக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் மட்டும் ஒரு வட்டப் பலகை இருக்கிறது. கதையில் வரும் மேயர் வாழ்ந்த வீடாக இது கருதப்படுகிறது என்பது அதன் செய்தி. 'கருதப்படுகிறது' என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. கதை கதையாக நிற்கிறது, வீடு வீடாக நிற்கிறது. வருகிறவர் இரண்டையும் ஒருசேரப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கர்நாடகத்தின் அரசாளு ரயில் நிலையமும் நல்ல உதாரணம். ஆர்.கே. நாராயண் மால்குடி என்ற கற்பனை ஊரை வைத்து எழுதிய கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது அந்தச் சிறு நிலையம் படப்பிடிப்புக்குப் பயன்பட்டது. 2020ல் அங்கே மால்குடி அருங்காட்சியகம் திறந்தார்கள். புதுக் கட்டடம் கட்டவில்லை. பாழடைந்து கிடந்த பழைய நிலையக் கட்டடத்தையே பழுது பார்த்தார்கள். நம் திட்டம் தலைகீழாக இருக்கிறது: அசலை இடித்துவிட்டு அருகிலேயே நகலைக் கட்டுகிறோம்.

அந்த நகலின் வரைபடத்தையும் பார்த்தோம். மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் படத்தில், மாதிரி லயத்துக்கு முன்னால் ஃபைபரில் செய்த கித்தா (ரப்பர்) மரங்கள் நிற்கின்றன. அவற்றில் பால் வெட்டு வலப்புறம் உயர்ந்து இடப்புறம் இறங்குகிறது. எந்தத் தோட்டத்திலும் அப்படி வெட்ட மாட்டார்கள். கித்தா மரப் பட்டையில் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை. கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறமாகச் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். மாற்றி வெட்டினால் பட்டைதான் வீணாகும். படத்தில் வெட்டின் ஆழமும் தவறு. மரக்கட்டையே தெரிகிறது. நல்ல வெட்டாளி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலத்துக்குச் சற்று முன்பே கத்தியை நிறுத்துவார். கட்டையைத் தொட்டால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுமுறை கத்தி ஓடாது. அதற்கு மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் ஏச்சு வாங்காத வெட்டாளி அபூர்வம். பால் பிடிக்கும் மங்கு வெட்டின் தாழ்ந்த முனைக்கு நேர் கீழே, பால் வழியும் தகரத் துண்டின் அடியில் தொங்க வேண்டும். படத்தில் அது மரத்தின் மறுபக்கம் தொங்குகிறது.

சிறு பிழைகள்தாமே, திருத்திவிடலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். திருத்தலாம். ஆனால் பிழை எது என்று எதை வைத்துத் திருத்துவீர்கள்? லயமும் பலகையும் போன பிறகு அளந்து பார்க்க அசல் எதுவும் இருக்காது.

புகைக்கொட்டாய் விஷயமும் இப்படித்தான். பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டில் மூன்று முதல் ஐந்து நாள் வரை புகை போடுவார்கள். சூடு மிஞ்சினால் தகட்டில் கொப்புளம் விழும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் கூரையில் திறந்து மூடும் காற்றுவழிகள் இருக்கின்றன. நம் புகைக்கொட்டாயில் அந்த மூடிகளை இழுக்கும் கம்பியும் கப்பியும் இன்னும் இருக்கின்றன. உள்ளே கழி தாங்கும் குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றிலும், கழி உரசி உரசி விழுந்த அரைவட்டத் தேய்மானம் வரிசையாகத் தெரிகிறது. விரல் வைத்தால் அந்தக் குழி விரலுக்குச் சரியாகப் பொருந்தும். சுவர்களில் பல ஆண்டுக் கரி. உணவகத்துக்காக வெள்ளையடித்துச் சட்டங்களைக் கழற்றினால் மிஞ்சுவது உயரமான வெறும் அறை. அப்புறம் அதை யாரும் புகைக்கொட்டாய் என்று சொல்ல மாட்டார்கள்.

நாவலையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் தோட்டம் நம் தோட்டம் மட்டுமன்று. கதையில் வரும் தொங்குபாலம் நம் ஊரில் என்றைக்கும் இருந்ததில்லை. அது ஆற்றின் மேற்பகுதியில் வேறொரு தோட்டத்துக்குச் சொந்தமானது. கதையில் கள்ளுக்கடை மாரியம்மன் கோயிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. உண்மையில் கள்ளுக்கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோயில் இந்தப் பக்கம். எழுத்தாளர் ஏன் இரண்டையும் எதிரெதிரே வைத்தார்? கடையிலிருந்து தள்ளாடி வெளியே வருகிறவன் தலை நிமிர்ந்தால் அம்மன் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் காட்சியின் வலிமை அவர் சுருக்கிய அந்த அரை மைலில் இருக்கிறது. இடம் தெரிந்த வாசகருக்குத்தான் எழுத்தாளர் எதை மாற்றினார் என்பது புலப்படும். வளைவில் கற்பனைப் பெயரை எழுதிவிட்டால், வருகிறவர் தொங்குபாலம் எங்கே என்று கேட்பார். அவருக்காக நீங்கள் ஒரு தொங்குபாலமும் கட்ட வேண்டி வரும். அதன் பிறகு உண்மை ஊர் கதையின் நகலாகிவிடும். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர், தாம் வாழ்ந்த மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாக வைத்து ஜெஃபர்சன் என்ற ஊரைப் படைத்தார். அதே கதை உலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டையும் தனி ஊராக விட்டுவைத்தார். கற்பனை ஊர் பிறந்தது என்பதற்காக உண்மை ஊரை அவர் அழிக்கவில்லை.

பெயர் மாற்றம் நம் மலேசியாவுக்குப் புதிதில்லை. சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை 2007ல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அந்த வட்டாரத்தில்தான் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ரப்பர் தோட்டம் நடத்தினார். மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டதும் அங்கே, 1917ல். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலக் கணக்கேட்டிலும் மலாய்ச் சாலைப் பலகையிலும் அது இன்னும் தென்னமரம்தான். பட்டணத்தின் பெயர் மாறியும் அந்தத் தோட்டத்தில் ஒரு தமிழ்ச் சொல் நிற்கிறது. தோட்டப் பெயர்கள் எவ்வளவு உறுதியானவை, யாரும் கை வைக்காமல் விட்டால் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, இது இலக்கியத்துக்கு வெளியே உள்ளது. நம் ஊர் முதியவர்கள் பலரின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்று எழுதியிருப்பது தோட்டத்தின் பெயர், தோட்டப் பிரிவான டிவிசனின் பெயர். நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்கு அலைகிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் ஆதாரம். தோட்டம் இருந்தது இங்கேதான் என்று அதிகாரியிடம் காட்ட ஒரு பலகையாவது வேண்டும். நாடு முழுவதும் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள், தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் போன பின்னும் தோட்டப் பெயரையே சுமந்து நிற்கின்றன. சில பள்ளிகள் வேறு ஊருக்கு இடம் மாறிய போதும் அந்தப் பெயரை விடவில்லை. லோரோங்குகளுக்கு நாவல் மாந்தர் பெயரை வைத்தால் முகவரி மாறும். வங்கி, நிலப்பட்டா, தண்ணீர் பில், அடையாள அட்டை எல்லாவற்றையும் அந்த வீட்டுக்காரர்கள்தாம் போய் மாற்ற வேண்டும்.

இவற்றுக்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறோம். நம் சுற்றுவட்டாரத்தில் தமிழர் வாயில் மட்டும் வாழும் பெயர்கள் நிறைய: பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டாய் (குழந்தைகள் காப்பகம்) மேடு, கங்காணியார் லயம், நாற்பத்தெட்டாம் நம்பர் மலைக்காடு. இவற்றைத் திரட்டும் வேலைக்குப் பெரிய செலவில்லை, முறைதான் முக்கியம். ஒரு பெயருக்குக் குறைந்தது இரண்டு பேரைத் தனித்தனியே கேட்க வேண்டும். கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் குரல் பெரியவர் சொல்வதே நிலைத்துவிடும், மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். பெண்களைத் தனியே கேட்க வேண்டும். தண்ணீர்க் குழாயடிக்கும் விறகு பொறுக்கிய இடத்துக்கும் அவர்கள் வைத்த பெயர்கள் ஆண்களுக்குத் தெரியாது. கேட்டதை ஒலிப்பதிவு செய்து, சொன்ன உச்சரிப்பிலேயே எழுத வேண்டும். 'பெரட்டு' என்பதைத் தூய தமிழாக்கிவிட்டால் பெயர் போய்விடும். இடத்தை இன்றைய வரைபடத்திலும், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய நில அளவைப் படத்திலும் குறிக்க வேண்டும். பழைய படத்தில் டிவிசன்களின் பெயரும் லய வரிசைகளும் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் டிவிசன் எழுதியிருக்கும். அதோடு ஒப்பிட்டால் எந்தப் பெயர் எந்த ஆண்டு வரை புழங்கியது என்பது தெரியும்.

பலகையைக் காப்பதும் எளிது. மேலே புதுப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் படவே கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் உலரவைத்து, துருத் தடுப்புப் பூச்சைப் பின்பக்கம் மட்டும் பூசினால் போதும். அதற்கு முன் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்துவிட வேண்டும். மேலே ஒரு சிறு தகரக் கூரை போட்டால் மழை நேரடியாக விழாது.

ஆகவே மன்றத்திடம் நாங்கள் கேட்பவை இவை.

ஆறாங்கட்டைப் பலகையை அகற்றும் உத்தரவை உடனே ரத்து செய்யுங்கள். சாலை விரிவுக்காக நகர்த்தியே ஆக வேண்டுமானால், அதே சந்தியில் சில அடி உள்ளே தள்ளி, அதே திசை பார்த்து நடுங்கள். அம்புக்குறி தவறான பக்கம் காட்டிவிடக் கூடாது.

ஆறு கதவு லயத்தையும் புகைக்கொட்டாயையும் இடிக்காமலும் வெள்ளையடிக்காமலும் வையுங்கள். தேசிய பாரம்பரியச் சட்டம் 2005ன் கீழ் அவற்றைப் பதிவு செய்யும்படி பாரம்பரிய ஆணையருக்கு மன்றமே எழுத வேண்டும். நில உரிமையாளரோடு பேசும் பொறுப்பையும் மன்றம் ஏற்க வேண்டும். பேருந்து நிற்கப் பாடாங்குக்கு (திடலுக்கு)ப் பின்னால் உள்ள காலி நிலமே போதும்.

வளைவில் நம் ஊரின் பெயர் மட்டும் இருக்கட்டும். நாவலைப் போற்ற, கோயில் முன்பும் ஆற்றங்கரையிலும் லயத்தருகிலும் சிறு பலகைகள் வையுங்கள். 'இந்த இடம் கதையின் இன்ன காட்சிக்குத் தூண்டுதலாகக் கருதப்படுகிறது. கதையில் இன்னது மாற்றப்பட்டிருக்கிறது' என்று இரண்டு வரி போதும், தமிழிலும் மலாயிலும். வாசகத்தை எழுதித் தர நாங்கள் தயார்.

மாதிரி லயத்துக்கு ஒதுக்கிய பணத்தை அசல் லயத்தின் கூரைக்கும், பெயர் திரட்டும் வேலைக்கும் மாற்றுங்கள். லோரோங் பெயர்களை மாற்றுவதானால், அந்தந்த லோரோங்கில் வீடு வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு மாற்றுங்கள்.

இந்தத் திட்டம் முழுவதையும், வரைபடங்களோடு, பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் கேட்கும் கூட்டம் ஒன்றை மாலை ஏழு மணிக்கு மேல் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடத்துங்கள். பகலில் வைத்தால் வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது.

அடுத்த முழு மன்றக் கூட்டத்துக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறோம். அதுவரை இடிப்பு இயந்திரம் லயத்துப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பட்டணத்து வாசகர்கள்